எழுதியது குறைவு, நீக்கியது அதிகம்: பிரிட்டன் அரசின் இணையதளமும் ஓர் உள்ளடக்க வியூக வகுப்பாளரும்

தேர்தல் வியூக வகுப்பாளர் யார் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவர் மேடை ஏறமாட்டார், சுவரொட்டி ஒட்டமாட்டார். யார், எங்கே, எதைப் பேச வேண்டும், முக்கியமாக எதைப் பேசவே கூடாது என்று முடிவு செய்வார். இணையத்தில் அதே வேலையைச் செய்பவருக்கு உள்ளடக்க வியூக வகுப்பாளர் என்று பெயர். வேலை விளம்பரங்களில் ‘கன்டென்ட் ஸ்ட்ராடஜிஸ்ட்’ என்று போடுகிறார்கள். நேர்காணலுக்கு வருபவர்கள் “நான் நன்றாக எழுதுவேன்” என்று தொடங்குகிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் தொடங்கினேன். இந்த வேலையில் எழுத்து எவ்வளவு சிறிய பங்கு என்று புரிவதற்கு எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. புரியவைத்தவற்றுள் முதன்மையானது பிரிட்டன் அரசின் ‘கவ்.யூகே’ தளம். அதன் உள்ளடக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்த சாரா ரிச்சர்ட்ஸ் (இப்போது சாரா வின்டர்ஸ்) வேலை செய்த விதத்தைத்தான் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

குவிந்த பக்கங்கள்

2004இல் பிரிட்டன் அரசு குடிமக்களுக்காக ‘டைரக்ட்கவ்’ என்ற தளத்தைத் தொடங்கியது. தொழில் நடத்துபவர்களுக்கு ‘பிசினஸ் லிங்க்’ என்று வேறொரு தளம் இருந்தது. இவை போதாதென்று ஒவ்வொரு துறையும், ஒவ்வொரு வாரியமும் தனித்தனியாகக் கடை விரித்திருந்தன. ஒரு துறை ஒரு பக்கத்தைப் போடச் சொன்னால், “இது யாருக்கு வேண்டும்?” என்று திருப்பிக் கேட்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. தேனீ வளர்ப்பவர்களுக்கான குறிப்புகள்கூட அரசுப் பக்கங்களில் இடம் பிடித்திருந்தன. தேனீ வளர்க்கிறவருக்கு அரசாங்கமா சொல்லித்தர வேண்டும்?

2010 அக்டோபரில் மார்த்தா லேன் ஃபாக்ஸ் அமைச்சர் ஃபிரான்சிஸ் மோடுக்கு ஒரு கடிதம் எழுதினார். லாஸ்ட்மினிட்.காம் என்ற பயணப் பதிவுத் தளத்தின் நிறுவனர்களில் ஒருவர் அவர். அப்போது அரசின் டிஜிட்டல் தூதராக இருந்தார். நவம்பரில் வெளியான அந்தக் கடிதத்தின் சாரம் எளிது: டைரக்ட்கவ்வைச் செப்பனிட்டுக்கொண்டே போவது பயன் தராது, அடியோடு மாற்ற வேண்டும். அதற்கு கேபினட் அலுவலகத்தில் ஒரு மையக் குழு வேண்டும், எல்லாத் துறைகளின் இணையப் பக்கங்கள் மீதும் அந்தக் குழுவுக்கு முழு அதிகாரம் வேண்டும். ‘அதிகாரம்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் திறமைகள் எல்லாம் அதன் மேல் நின்றவைதான்.

அடுத்த ஆண்டு அரசு டிஜிட்டல் சேவை என்ற அமைப்பு உருவானது. கார்டியன் நாளிதழின் டிஜிட்டல் பிரிவிலிருந்து வந்த மைக் பிராக்கன் அதற்குத் தலைவரானார். அதற்கு முன்பே டாம் லூஸ்மோர் தலைமையில் ஒரு சிறு குழு 12 வாரங்களில் ஒரு மாதிரித் தளத்தைக் கட்டி 2011 மே மாதம் மக்கள் பார்வைக்கு வைத்திருந்தது. 2012 ஜனவரி இறுதியில் சோதனைப் பதிப்பு வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் இரண்டையும் மூடிவிட்டு ‘கவ்.யூகே’ முழுமையாகத் திறக்கப்பட்டது. பழைய தளங்களில் இருந்தவை சுமார் 75,000 பக்கங்கள். புதிதாக எழுதப்பட்டவை சுமார் 3,000.

உள்ளிருந்து வந்தவர்

சாரா ரிச்சர்ட்ஸ் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆலோசகர் அல்ல. அவர் அரசுப் பணியில் கழித்தவை ஏறக்குறைய 10 ஆண்டுகள்; டிஜிட்டல் சேவை அதன் கடைசிக் கட்டம். துறைகளின் மனப்போக்கை உள்ளேயே இருந்து பார்த்தவர். எந்த அதிகாரி எதற்காக ஒரு பத்தியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார் என்பது அவருக்குத் தெரியும். பல நேரங்களில் அது ஆணவம் அல்ல, பயம். “அந்த வரியை எடுத்துவிட்டு நாளை யாராவது வழக்குப் போட்டால்?” என்ற பயம். ஆணவத்தோடு மோதலாம், பயத்தை ஆற்றத்தான் வேண்டும்.

டிஜிட்டல் சேவையில் அவர் செய்த முதல் முக்கியமான காரியம் எழுத்து சம்பந்தப்பட்டது அல்ல, பதவிப் பெயர் சம்பந்தப்பட்டது. அதுவரை ‘எடிட்டர்’ என்று அழைக்கப்பட்டவர்களை ‘உள்ளடக்க வடிவமைப்பாளர்’ என்று மாற்றினார். வெறும் பெயர்தானே என்று தோன்றலாம். எடிட்டர் என்றால் யாரோ எழுதிக் கொடுப்பதைத் திருத்துபவர். வடிவமைப்பாளர்கள் பெட்டி வரைந்து முடித்த பிறகு அதற்குள் சொற்களை நிரப்பக் கடைசியில் கூப்பிடப்படுபவர். வடிவமைப்பாளர் என்றால் முதல் கூட்டத்திலேயே நாற்காலி உண்டு. அதைவிட முக்கியம், வாசகருக்கு வேண்டியது ஒரு கட்டுரையா, ஒரு கணிப்பானா, நாட்காட்டியா, ஒற்றை எண்ணா என்று முடிவு செய்யும் உரிமையும் அவருக்கு வருகிறது. எழுத்தையே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த எழுத்தாளர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தத் துறைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரைச் சேர்ந்த கிறிஸ்டினா ஹால்வர்சன் 2009இல் எழுதிய நூல் ‘உள்ளடக்க வியூகம்’ என்பதைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. உள்ளடக்கத்தை உருவாக்குவது, வெளியிடுவது, வெளியிட்ட பிறகு பராமரித்து ஆள்வது ஆகிய மூன்றையும் திட்டமிடுவது என்பது அவர் பார்வை. ரிச்சர்ட்ஸ் முதல் இரண்டில் வென்றார். மூன்றாவதில் என்ன ஆனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு கார் இருக்கையை முன்வைத்து

அவருடைய குழு ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு தேவையிலிருந்து தொடங்கியது. தேவையை ஒரே அச்சில் எழுத வேண்டும்: இன்னாராகிய எனக்கு, இன்னது தெரிய வேண்டும், இன்னது செய்வதற்காக. இவற்றைப் பதிந்துவைக்க ‘நீடோட்ரான்’ என்று வேடிக்கையான பெயரில் ஒரு கருவியே கட்டினார்கள். இந்த அச்சில் எழுத முடியாத பக்கத்துக்குத் தளத்தில் இடம் கிடையாது. “எங்கள் துறை இதைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறது” என்பது தேவை ஆகாது.

இது எவ்வளவு கூர்மையான கருவி என்பதைப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டு: காரில் குழந்தைகளுக்கான இருக்கை. சட்டம் பேசும் மொழியில் அது ‘குழந்தைக் கட்டுப்பாட்டுச் சாதனம்’. அந்தச் சொல்லைக் கேட்டால் ஏதோ சிறைக்கூடச் சாமான் போலத் தோன்றும். எந்தத் தாயும் அப்படித் தேடமாட்டாள். ‘கார் சீட்’ என்றுதான் தேடுவாள். அவளுக்கு என்ன வேண்டும்? குழந்தைப் பாதுகாப்பின் வரலாறு வேண்டாம், அமைச்சரின் அக்கறையும் வேண்டாம். “என் மகனுக்கு இன்னும் இருக்கை வேண்டுமா?” என்ற ஒரே கேள்விக்குப் பதில் வேண்டும். ‘கவ்.யூகே’ தரும் பதில் ஒரு வாக்கியம்: 12 வயது ஆகும் வரை அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரும் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை, குழந்தை பொதுவாக இருக்கையில்தான் உட்கார வேண்டும். விதிவிலக்குகள் தனியே இருக்கின்றன. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஃபோனைப் பார்ப்பவளுக்கு முதல் வாக்கியம் போதும்.

ஒரு பக்கத்தின் முதல் வாக்கியம் போதும் என்ற நிலைக்கு வருவதற்கு முன்னால் எத்தனை கேள்விகளைக் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். மக்கள் தேடுபொறியில் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள்? எந்த மாதத்தில் தேடுகிறார்கள்? பதிலைப் படித்தபின் அடுத்து எங்கே போகிறார்கள்? ரிச்சர்ட்ஸ் குழு தேடல் தரவுகளை ஓர் அகராதிபோலப் பயன்படுத்தியது. வாகன வரிக்கு அரசு வைத்திருந்த பெயர் ‘வாகன எக்சைஸ் தீர்வை’. மக்கள் தேடியதோ ‘கார் வரி’, அல்லது அப்போது கண்ணாடியில் ஒட்டப்பட்டிருந்த வட்டக் காகிதத்தின் பெயரான ‘டாக்ஸ் டிஸ்க்’. (அந்தக் காகிதமே 2014 அக்டோபர் 1 முதல் ஒழிந்துவிட்டது.) தலைப்பில் மக்களின் சொல் வரும், சட்டச் சொல் தேவைப்பட்டால் உள்ளே எங்காவது வரும்.

பக்கத்து நாற்காலி

அவருடைய வேலைமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது, மிகவும் கடினமானதும்கூட, இணைந்து எழுதுவது. சட்டமோ வரியோ தெரிந்த நிபுணரும் உள்ளடக்க வடிவமைப்பாளரும் ஒரே கணினி முன் அடுத்தடுத்த நாற்காலிகளில் உட்கார வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பேச வேண்டும். மின்னஞ்சலில் வரைவை அனுப்பினால் அது சிவப்புக் கோடுகளோடு திரும்பி வரும்; பிறகு அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நான்கே பத்திகள் கொண்ட ஒரு பக்கம் 5 வாரங்கள் இப்படி அலைந்தது. கடைசியில் இரு தரப்பும் ஓர் அறையில் உட்கார்ந்தபோது 40 நிமிடங்களில் முடிந்தது. அந்த 5 வாரமும் இரண்டு தரப்பும் சண்டையிட்டது ஒரே ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லுக்கு இருவரும் வெவ்வேறு பொருள் கொண்டிருந்தார்கள்.

அருகில் உட்காரும்போது நிபுணர் தன் வாயாலேயே எளிய வாக்கியத்தைச் சொல்லிவிடுவார். “இதை உங்கள் அத்தைக்கு எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்டால் போதும். வந்த வாக்கியத்தை அப்படியே தட்டச்சு செய்ய வேண்டியதுதான். சொன்னது அவர் என்பதால் பிறகு அவரே அதை எதிர்க்கமாட்டார்.

வரைவு முடிந்ததும் குழுவில் இன்னொருவர் படிப்பார். இதை ‘இரண்டாம் கண்’ என்றார்கள். அதன்பின்தான் துறைக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு தெளிவான எல்லைக்கோடு: துறை தகவல் பிழைகளைத் திருத்தலாம், நடையைத் திருத்தக் கூடாது. அரசாங்கக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புரட்சி என்று தெரியும். மேலதிகாரியின் மேசைக்குப் போய் ஒரு சொல்லும் மாறாமல் திரும்பும் கோப்பு ஏது?

குழுவுக்குள் விமர்சனக் கூட்டங்களும் நடந்தன. அவற்றுக்கு ரிச்சர்ட்ஸ் வைத்த விதிகள் கவனிக்கத்தக்கவை. அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து எழுதியவர் தன்னால் முடிந்த அளவு நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைப் பற்றி மட்டும் பேச வேண்டும், எழுதியவரைப் பற்றி அல்ல. தன் முடிவைத் தற்காத்துப் பேச வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. இந்தக் கடைசி விதி அபாரமானது. தற்காத்துப் பேசத் தொடங்கிவிட்டால் மனிதர் கேட்பதை நிறுத்திவிடுகிறார்.

தடைப்பட்டியலும் வாக்கிய நீளமும்

‘கவ்.யூகே’ நடைக் கையேட்டில் தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியல் ஒன்று உண்டு. அரசு ஆவணம் ஒன்று இவ்வளவு குறும்போடு எழுதப்பட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பீட்சாவையும் தபாலையும் ‘டெலிவரி’ செய்யலாம், முன்னேற்றத்தைச் செய்ய முடியாது. வண்டியை ஓட்டலாம், திட்டங்களையும் மனிதர்களையும் ஓட்ட முடியாது. பூட்டைத் திறக்காத எதையும் ‘திறவுகோல்’ என்று சொல்லாதீர்கள். நடைமுறைகள் ‘மெலிவது’ இல்லை, ஏனென்றால் அவை உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. இதைப் படித்த அன்று நம் அலுவலகத் தமிழுக்கு ஒரு பட்டியல் போடத் தோன்றியது: ‘ஆவன செய்யப்படும்’, ‘உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டு வருகிறது’, ‘மேற்காண் பொருள் தொடர்பாக’. போடத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் சான்று கேட்பது ரிச்சர்ட்ஸின் பழக்கம். எளிய மொழி என்பது படிக்காதவர்களுக்குச் செய்யும் சலுகை என்று அதிகாரிகள் வாதிட்டால், 2012இல் கிறிஸ்டோபர் ட்ரூடோ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் செய்த ஆய்வு எடுத்துக் காட்டப்பட்டது. சட்ட விஷயங்களிலும் 80% பேர் தெளிவான எளிய வாக்கியங்களையே விரும்பினர் என்றது அது. விஷயம் சிக்கலாகும் அளவுக்கு அந்த விருப்பமும் கூடியது. 9 வயதுக் குழந்தையின் வாசிப்புத் திறனுக்கு எழுதுங்கள் என்ற விதியும் குழந்தைகளுக்காக அல்ல. அந்த வயதுக்குள் நாம் கற்றுக்கொள்ளும் சாதாரணச் சொற்களை எழுத்துக்கூட்டாமல் ஒரே பார்வையில் அடையாளம் காண்கிறோம். பெரியவர்கள் வேகமாக வாசிப்பதும் அவற்றை வைத்துத்தான்.

வாக்கியத்துக்கு 25 சொற்கள் என்ற வரம்பைப் பற்றி 2014இல் ரிச்சர்ட்ஸே எழுதினார். 14 சொற்கள் கொண்ட வாக்கியங்களில் வாசகர்களுக்கு 90 சதவீதத்துக்கு மேல் புரிகிறது, 43 சொற்கள் ஆகும்போது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது என்ற கணக்கை அதற்கு ஆதாரமாக வைத்தார். இந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும் நண்பர்களிடம் நான் தகராறு செய்வதுண்டு. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அது அரை வாக்கியம். தமிழில் 25 சொற்கள் என்றால் வாசகர் மூச்சு முட்டிப்போவார். எண்ணைக் கடன் வாங்காமல், எண்ணை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைக் கடன் வாங்க வேண்டும்.

பிசகிய இடம்

2013 ஏப்ரலில் லண்டன் டிசைன் மியூசியம் அந்த ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை இந்தத் தளத்துக்குக் கொடுத்தது. கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லாத ஓர் அரசுத் தளத்துக்கு! அமைச்சகங்களின் தளங்கள் அதே காலத்தில் உள்ளே வந்தன. 2014 இறுதிக்குள் 300க்கும் மேற்பட்ட வாரியங்களும் முகமைகளும் வந்து சேர்ந்தன.

சிக்கலும் அவற்றோடு சேர்ந்து வந்தது. வரித்துறைப் பக்கங்கள் இடம் மாறியபோது வரி ஆலோசகர்கள் கொதித்தார்கள். தினமும் புரட்டிய நுணுக்கமான வழிகாட்டுதல்கள் சுருங்கிப்போயின, சில தேடினாலும் கிடைக்கவில்லை என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. பொதுமக்களுக்கு ஒரு வரி போதும். ஆயிரம் பேருக்குக் கணக்கு எழுதும் ஆலோசகருக்கு விதிவிலக்கின் விதிவிலக்கும் வேண்டும். அவரும் ஒரு வாசகர்தான், அவருக்கும் ஒரு தேவை உண்டு. தேவையிலிருந்து தொடங்கு என்ற விதி பிழைபடவில்லை. யாருடைய தேவை என்ற இடத்தில் ஒரே ஒருவரை மட்டும் கற்பனை செய்துகொண்டதுதான் பிழை. நிபுணர்களுக்கான விரிவான கையேடுகளுக்குப் பிறகு தனி வடிவம் செய்ய வேண்டியிருந்தது.

இன்னொரு சிக்கல் அமைதியானது, எனவே ஆபத்தானது. அதிகம் படிக்கப்படும் பக்கங்களைத்தான் மையக் குழு எழுதியது. மற்றவற்றை அந்தந்தத் துறைகளே பதிவேற்றின. சில ஆண்டுகளில் தளத்தில் இருப்பவற்றின் எண்ணிக்கை லட்சங்களில் போய் நின்றது. தடைப்பட்டியலை எல்லாருக்கும் அனுப்ப முடிந்தது; “இது யாருக்கு வேண்டும்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் ஆளையும், கேட்பதற்கான அதிகாரத்தையும் எல்லாத் துறைகளுக்கும் அனுப்ப முடியவில்லை. நான் முன்பே சொன்ன மூன்றாவது வேலை, வெளியிட்ட பிறகு ஆள்வது, இங்கேதான் தவறியது. இதில் ரிச்சர்ட்ஸின் பங்கு எவ்வளவு என்று எடைபோடுவது நியாயமாக இருக்காது. அவர் 2014இல் அரசுப் பணியை விட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் ‘கன்டென்ட் டிசைன் லண்டன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, இந்த முறையைப் பிறருக்குக் கற்பிக்க ஆரம்பித்தார். 2017இல் ஒரு நூல் எழுதினார். பிறகு, எளிய நடை பற்றிய விதிகளுக்கு உண்மையிலேயே சான்று இருக்கிறதா என்று பலரும் கூடித் தேடித் தொகுக்கும் திறந்த கையேடு ஒன்றையும் அவர் நிறுவனம் முன்னெடுத்தது. ஒவ்வோர் அலுவலகமும் ஒரே காற்புள்ளிக்காகத் தனித்தனியே சண்டை போடுவது வீண் என்பது அதன் பின்னால் இருந்த எரிச்சல். அந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் புரிகிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு நான் காட்டும் பக்கம் ‘கவ்.யூகே’யின் வங்கி விடுமுறைப் பக்கம் (பொது விடுமுறைகளை பிரிட்டனில் அப்படித்தான் அழைக்கிறார்கள்). திறந்தவுடன் அடுத்த விடுமுறைத் தேதி பெரிய எழுத்தில் நிற்கும். ஆண்டுப் பட்டியல் கீழே இருக்கும். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒன்று, ஸ்காட்லாந்துக்கு ஒன்று, வட அயர்லாந்துக்கு ஒன்று. விடுமுறை நாளன்றே திறந்தால் மேலே வண்ணத் தோரணம் தொங்கும். அந்தப் பக்கத்தின் பின்னால் உள்ள தரவுக் கோப்பில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நேரே தோரணம் உண்டா இல்லையா என்று ஒரு கட்டம் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உண்டு. புனித வெள்ளிக்கு இல்லை. 2022 செப்டம்பர் 19, எலிசபெத் ராணியின் இறுதிச் சடங்குக்காக அறிவிக்கப்பட்ட விடுமுறை, பட்டியலில் ஒரு புதிய வரியாகச் சேர்ந்தது. அந்த வரியிலும் தோரணக் கட்டத்தில் ‘இல்லை’ என்றே குறித்திருந்தார்கள்.